முன்பள்ளி முற்றத்தில் உன் முறை

பிள்ளை, நீ தொலைபேசியைப் பாதியில் வைத்ததில் எனக்குக் கோபம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் கோபித்துக்கொண்டு வெளியே போகும் பிள்ளைகள் யன்னலுக்கு அப்பால் நின்று பாடத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ஆசிரியனாக இருந்த எனக்கு இது தெரியும். தொலைபேசியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. என் சொல் கனடாவுக்கு வந்து சேருமுன் நீ அடுத்ததைத் தொடங்கிவிடுவாய். உன் கேள்வி இங்கே வந்து சேரும்போது நான் முந்திய கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். கடிதத்தில் ஒருவரை ஒருவர் இடைமறிக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன். அங்குள்ள உங்கள் ஊரவர் ஒன்றியத்தில் நாலு பேர் கூடியிருக்கும்போது இதை நீ வாசித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் இரண்டாம் ஆண்டுத் திவசம் வருகிறது. அதை ஒட்டி, எங்கள் முன்பள்ளிப் பிள்ளைகள் எல்லாருடைய கட்டணத்தையும் இனி நீயே கட்டுவதாகச் சொன்னாய். வாசலில் அம்மாவின் பெயரோடு ஒரு பலகை, திவசத்தன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடுத்த ஒரு படம், இவ்வளவுதான் நீ கேட்டது. பெற்றோரைக் கேட்டுத்தான் சொல்லலாம் என்றேன். “இனாமாய்க் குடுக்கிறதுக்கு ஆரைக் கேக்கிறது, அப்பா? அம்மாவின்ர பேரிலை ஒண்டு செய்யவும் எனக்கு உரிமை இல்லையோ?” என்றாய். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டாய். இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் நேராகச் சொன்னால் கசக்கும். கொஞ்சம் சுற்றி வருகிறேன். உதாரணம் இல்லாமல் எனக்குக் கதைக்க வராது என்று அம்மா பகிடி பண்ணுவாளே, அதைப் பொறுத்துக்கொள்.

பள்ளி எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லவேண்டும். எங்கள் தீவில் கரம்பொன் தாண்டி வரும் வளைவில், இரண்டு அறை, ஒரு விறாந்தை, முற்றத்தில் ஒரு வேம்பு. தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள், கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். நிரோஜா ரீச்சர் வேலணையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவளுக்கு அரசாங்கக் கொடுப்பனவு ஒன்று உண்டு; அது பஸ்ஸுக்கும் சவர்க்காரத்துக்கும் சரியாகப் போய்விடும். அவளுடைய சம்பளமாக மிஞ்சுவது பெற்றோர் தரும் கட்டணம் மட்டும்தான். கட்டணம் வந்தால் நிரோஜா இருப்பாள், நிரோஜா இருந்தால் பள்ளி இருக்கும். பெற்றோர் சங்கத்துக்கு நான் தலைவர் என்று உனக்குச் சொன்னபோது சிரித்தாய். பேரப்பிள்ளைகள் கனடாவில் இருக்க எனக்கு என்ன பெற்றோர் சங்கம் என்று கேட்டாய். ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் நேரம் இருக்கும், குரலும் இருக்கும் என்று நினைத்து இழுத்துவிட்டார்கள். உண்மையில் என் வேலை ஒன்றுதான். வீடு வீடாகப் போய்க் கட்டணத்தைப் பற்றிக் கதைப்பது. நான் செய்த வேலைகளில் இதுதான் கடினமானது என்று இப்போது நினைக்கிறேன்.

நீ நினைப்பதுபோன்ற ஏற்பாடு முன்பும் ஒருமுறை இங்கே நடந்தது. சுவிஸில் இருக்கும் ஊரவர் சிலர் கட்டணம் முழுவதையும் பொறுப்பெடுத்தார்கள். “இனிப் பெற்றோர் ஒரு சதமும் தரத் தேவையில்லை” என்று கூட்டத்தில் அறிவித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முதலில் நின்றுபோனது பெற்றோர் கூட்டம். கட்டணம் இல்லாதபோது கூடிக் கதைக்க என்ன இருக்கிறது? பிறகு வாசல் படலையின் கீல் ஒன்று கழன்றது. அந்த வழியே மோட்டார் சைக்கிளில் போன ஒரு தகப்பனை மறித்துக் காட்டினேன். அவர் இறங்கவும் இல்லை. “சுவிஸ்காரருக்குப் படம் எடுத்து அனுப்புங்கோ மாஸ்ரர், புதுப் படலையே போட்டுத் தருவினம்” என்றார். ஒரு கீல், பிள்ளை. முந்திய காலம் என்றால் கேட்காமலே பூட்டிவிட்டுப் போயிருப்பார். அந்தக் கிழமை ஆடுகள் உள்ளே வந்து பிள்ளைகள் நட்ட கீரையை வேரோடு தின்றுவிட்டன. அந்தத் தகப்பன் கெட்டவர் இல்லை. அது இப்போது தன்னுடைய படலை இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது, அவ்வளவுதான். அப்படித் தோன்றச் செய்தது நாங்கள்.

சுவிஸில் இருந்தவர்கள் தலைவர் யார் என்பதில் இரண்டாகப் பிரிந்தார்கள். மற்றப் பகுதி காசு அனுப்பும் என்று இரண்டு பகுதியும் இருந்துவிட்டது. அவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். தூரத்தில் இருந்து தெரிவது அவ்வளவுதான். அப்போது இருந்த ரீச்சர் சம்பளம் இல்லாமல் சில மாதம் வந்து பார்த்தாள். பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஒரு மாரிகாலம் முழுவதும் பள்ளி பூட்டிக் கிடந்தது. பெரிய பள்ளிக்கூடம் என்றால் தவறிய பாடத்தை அடுத்த வருடம் படிப்பித்துவிடலாம். நாலு வயதுப் பிள்ளைக்குத் தவறியது தவறியதுதான். அடுத்த வருடம் அவனுக்கு ஐந்து வயது.

திரும்பத் திறந்தபோது, கட்டணத்தை மாதம் பிறந்ததும் வாங்குவது என்று வைத்தோம். சம்பளக்காரர் கூடிப் போட்ட திட்டம் வேறு எப்படி இருக்கும்? கொஞ்ச நாளில் ஒரு புதினம் கண்டேன். மாதம் பிறந்தால் கரையோர வீட்டுப் பிள்ளைகளுக்குச் சளி பிடித்துவிடும். மாதம் நடுப்பகுதிக்கு வந்தால் எல்லாருக்கும் சுகமாகிவிடும். சளி இப்படிக் கலண்டர் பார்த்து வராது என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். அவளுடைய புருஷன் அன்ரன் கடலுக்குப் போகிறவன். மகன் எங்கள் பள்ளியில் இருக்கிறான். அவள் வாசலில் வலை திருத்திக்கொண்டிருந்தாள்.

“மகனுக்கு எப்பிடிப் பிள்ளை, சளி குறைஞ்சுதோ?” என்று கேட்டேன்.

“இன்னும் குறையேல்லை, மாஸ்ரர். இரவிரவா இருமினவன்.”

அந்த நேரம் பார்த்து அவன் வள்ளத்துக்குப் பின்னாலிருந்து “மாஸ்ரர்” என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என் சைக்கிள் மணியை அடிக்கத் தொடங்கிவிட்டான். ஜெசிந்தா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சிரித்துவிட்டாள். “இப்பதான் குறைஞ்சுது போல கிடக்கு” என்றாள். சிரித்து முடிய வலையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “மாதம் பிறந்த உடனை கடல் எனக்குச் சம்பளம் தாறேல்லை, மாஸ்ரர். கடல் தாற நாளிலை நீங்கள் கேக்கிறேல்லை. படலையிலை நிண்டு ரீச்சர் கேக்க, இவன் என்ர முகத்தைப் பாக்கிறான். அதுதான் இவனை வீட்டிலை மறிச்சு வைச்சனான்.”

அன்று அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, அடுத்த கூட்டத்தில் அந்தத் திட்டத்தை மாற்றச் செய்தேன். வள்ளம் இறக்க முடியாத காற்றுக் காலத்தில் கரையோர வீடுகளில் கேட்பதில்லை. நண்டும் இறாலும் படும் காலத்தில் அவர்கள் சேர்த்துத் தருவார்கள். சம்பளக்காரர் மாதம் மாதம் தருவார்கள், தோட்டக்காரர் வெங்காயம் விற்றதும் தருவார்கள். கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான், நாள்தான் வேறு. கதைக்கும் முறையையும் மாற்றினோம். படலையில் கேட்பதில்லை, பிள்ளைக்கு முன்னால் கேட்பதில்லை. வீட்டுக்குப் போய் இருந்து, அந்தக் காசு எதற்குப் போகிறது என்று முதலில் சொல்வேன். பிறகு, உங்களால் எப்போது ஏலும் என்று கேட்பேன். ‘எவ்வளவு ஏலும்’ என்று கேட்டால் மனிதர் தலையைக் குனிந்துகொள்வார்கள். ‘எப்போது’ என்று கேட்டால் நிமிர்ந்து யோசிப்பார்கள். நீங்கள் ஒன்றியத்திலிருந்து ‘வறிய பிள்ளைகளின் பட்டியல் தாருங்கள்’ என்று எழுதிக் கேட்கிறீர்களே, அதை ஏன் நான் ஒருமுறையும் அனுப்பவில்லை என்பது இப்போது விளங்கும்.

இனி உன் முதல் கேள்வி. இனாமாகக் கொடுப்பதற்கு யாரைக் கேட்பது? அவர்களைத்தான் கேட்பது. கேட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசைக்குப் போனவர்கள் வந்து சேர்ந்த பிறகு கூட்டம் தொடங்கியது. பெரிய கதிரைகள் இல்லாதபடியால் எல்லாரும் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தோம். உன் எண்ணத்தை ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். என் விருப்பத்தைச் சொல்லவில்லை. பிரதேச சபையில் வேலை செய்யும் சிவரூபன் முதலில் வாய் திறந்தான். என்னிடம் படித்தவன், உனக்கு இரண்டு வகுப்பு மேலே.

“உங்கட மகள் தாறா, மாஸ்ரர். இதிலை கதைக்க என்ன கிடக்கு? ஓமெண்டு சொல்லுவம். எனக்கும் மாதக் கடைசியிலை கை இறுக்கம்தான்.”

“நீர் சொல்லுறது விளங்குது. மற்றவை என்ன சொல்லுறியள்?” என்றேன்.

ஜெசிந்தா கேட்டாள்: “படமும் எடுக்கவேணுமோ?”

“எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டவ.”

“அப்ப எனக்கு வேண்டாம். போனமுறை கொப்பி குடுக்க வந்தவை என்ர மூத்தவளை நிக்கவைச்சு எடுத்த படம் பேஸ்புக்கிலை போச்சு. ஜேர்மனியிலை இருக்கிற தங்கச்சி போன் எடுத்து அழுகிறாள், ‘அக்கா, உங்களுக்குச் சாப்பாட்டுக்கும் வழியில்லையோ’ எண்டு. அண்டைக்கு எங்கட வீட்டிலை பாரைமீன் குழம்பு.”

எல்லாரும் சிரித்தார்கள். சிவரூபன் விடவில்லை. “சரி, படம் வேண்டாமெண்டு சொல்லுவம். காசை வாங்குவம்.”

“சிவரூபன் அண்ணை, உங்கட அம்மன் கோயில்லை ஏழாம் திருவிழா ஆரின்ர?” என்றாள் ஜெசிந்தா.

“எங்கட. அப்பப்பா காலத்திலையிருந்து எங்கட உபயம்.”

“கனடாவிலையிருந்து ஒருத்தர் வந்து, பத்துத் திருவிழாவையும் நானே செய்யிறன், நீங்கள் ஒருத்தரும் ஒரு சதமும் தரவேண்டாம் எண்டு சொன்னா?”

“விடுவமோ? நல்ல கதை.”

“ஏன், சும்மா வாற காசெல்லோ?”

“அது வேறை, ஜெசிந்தா.”

“என்ன வேறை? எங்கட மாதா கோயில் நவநாளிலையும் ஒரு நாள் எங்கட. மெழுகுதிரிக்குக் காசில்லாட்டிலும் அந்த நாளை ஆருக்கும் விட்டுக்குடுக்கமாட்டம். கோயிலுக்கு ஒரு ஞாயம், பள்ளிக்கு ஒரு ஞாயமோ?”

நீ அந்தத் திருவிழாக்களை மறந்திருக்கமாட்டாய். பத்து நாளைப் பத்துக் குடும்பம் பிரித்து எடுத்துச் செய்வதும், எங்கள் வீட்டு நாளில் நீ புதுச்சட்டையோடு வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். அன்று முழுக் கோவிலும் உன்னுடையது போல நடந்தாய். சிவரூபன் தலையைச் சொறிந்தான். பிறகு தானாகவே சொன்னான்: “அப்பா ஆஸ்பத்திரியிலை கிடந்த வருசம் எங்கட திருவிழாவுக்கு ஒரு வழியும் இல்லாமல் நிண்டனான். ஆறாம் திருவிழாக்காரர்தான் மாலையும் மேளமும் ஒழுங்கு பண்ணினவை. ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. உபயகாரர் எண்டு எங்கட பேரைத்தான் வாசிச்சவை. உப்பிடி ஒண்டை இங்கை செய்தா என்ன? ஏலாத வீட்டுக்கு ஏலுமான வீடு அந்த மாதம் தோள் குடுக்கட்டும். ஆர் குடுத்தது, ஆருக்குக் குடுத்தது எண்டு மாஸ்ரருக்கு மட்டும் தெரிஞ்சாக் காணும்.”

அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நிரோஜா எழும்பினாள். “என்ர சம்பளக் கதை எண்டபடியா நான் பேசாமல் இருந்தனான். ஒண்டு மட்டும் சொல்லுறன். எனக்கு முதல் இருந்த ரீச்சரைப் போகச் சொல்லி ஆரும் சொல்லேல்லை. போகாதேங்கோ எண்டும் ஆரும் சொல்லேல்லை. காசு வெளியிலையிருந்து வந்தது, அவ போனது ஒருத்தருக்கும் தெரியேல்லை.” இதைச் சொல்லிவிட்டு இருந்துவிட்டாள்.

ஆகவே அவர்களின் பதில், வேண்டாம் என்பது. என் பதிலும் அதுதான். நான் இதில் மாறமாட்டேன், பிள்ளை. நீ அழுதாலும் மாறமாட்டேன். பலகை இல்லை, படம் இல்லை, முழுக் கட்டணமும் ஒருவர் கட்டுவது இல்லை. உங்கள் ஒன்றியத்துக்கும் இதையே சொல். மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு பெரிய தாங்கி வேண்டும் என்று இப்போதே கதை இருக்கிறது; அப்படிப் பெற்றோரால் தூக்கமுடியாத பாரம் ஒன்று வந்தால், தங்கள் பங்கை முதலில் சேர்த்துவிட்டு அவர்களே உங்களுக்கு எழுதுவார்கள். அவர்கள் கேட்கும்வரை பொறுத்திருப்பது உங்கள் பங்கு. கொடுக்கிறவர்களுக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அம்மாவின் பெயரில் ஒன்று செய்ய உனக்கு உரிமை இல்லையா என்று கேட்டாய். அம்மா போனபோது உன் வயிற்றில் பிள்ளை. விமானம் ஏற வைத்தியர் விடவில்லை. செத்தவீடு முழுவதையும் உன் மச்சான் பிடித்துக்கொண்டு நின்ற கைத்தொலைபேசியில் பார்த்தாய். கடைசியில் மின்சாரம் போய்ப் படமும் நின்றுவிட்டது. இந்தக் காசு எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. உன் கையால் ஒரு பிடி வாய்க்கரிசி போட முடியாமல் போனதற்குத்தான் நீ ஒரு பள்ளிக்கூடத்தையே தூக்கப் பார்க்கிறாய்.

உனக்கு ஞாபகம் இருக்க வயது காணாத ஒரு கதையைச் சொல்கிறேன். தீவை விட்டு இடம்பெயர்ந்து, தெரியாத ஊரில் ஒருவருடைய வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். அங்கே ஓலைக் கூரையின் கீழ் ஒரு சின்னப் பள்ளி நடந்தது. உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அங்கிருந்த ரீச்சர், இடம்பெயர்ந்த பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார். எனக்குப் பெரிய ஆறுதல். எனக்கு அப்போது சம்பளமும் ஒழுங்காக வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விடியப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. தேடிப் போனேன். அந்தப் பள்ளியின் மண் நிலத்தை மூலையிலிருந்து சாணி கரைத்து மெழுகிக்கொண்டிருந்தாள். ரீச்சர் பதறிப்போய், “அக்கா, உது உங்கட வேலை இல்லை, எழும்புங்கோ” என்கிறார். அம்மா எழும்பவில்லை. “என்ர பிள்ளை இருக்கிற நிலந்தானே” என்றாள். அங்கிருந்து மறுபடி இடம்பெயரும்வரை ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. அந்தப் பள்ளியின் பெற்றோர் கூட்டங்களில் மற்றத் தாய்மாரோடு முன்வரிசையில் இருந்து, பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் சுத்தமில்லை என்று சண்டையும் பிடித்தாள். ஏன் பேசாமல் இருக்கக்கூடாது என்று நான் கேட்டேன். “மெழுகினவள் கேக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

இந்தக் கதையை நான் கூட்டத்திலும் சொன்னேன், வேண்டாம் என்று முடிவாகி எல்லாரும் எழும்புகிற நேரத்தில். சும்மா, மனதில் வந்ததால் சொன்னேன். ஜெசிந்தா திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டாள்.

“அப்ப மாஸ்ரரின்ர மகளுக்கு வெறும் ‘வேண்டாம்’ எண்டு சொல்லி அனுப்பக்கூடாது. தாய்க்காகக் கேட்ட பிள்ளை. எங்களைப்போல அவவுக்கும் ஒரு பங்கு குடுப்பம். ஒரு பிள்ளைக்கு உரிய கட்டணம், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஏலாத வீட்டுக்குத் தோள் குடுக்க அது உதவட்டும்.”

“உது நல்லது” என்றான் சிவரூபன்.

“ஆனாக் காசு மட்டும் அனுப்பினாக் காணாது. நாங்கள் முற்றம் கூட்ட முறை வைச்சிருக்கிறம். அவவுக்கும் முறை இருக்கு.”

“கனடாவிலையிருந்து முற்றம் கூட்ட வாறதோ?”

“வரும்வரைக்கும் மாஸ்ரர் கூட்டட்டும். அந்தாளுக்கு இன்னும் குனிய ஏலும்.”

நிரோஜா அந்த இடத்திலேயே உனக்கு நாள் வைத்துவிட்டாள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் முறை அம்மாவின் திவசத்துக்கு அடுத்து வரும் வெள்ளி. அது தற்செயலோ, அவள் யோசித்துத்தான் வைத்தாளோ தெரியாது, நான் கேட்கவில்லை. கூட்டத்துக்கும் உன்னைக் கூப்பிடுவார்கள். தொலைபேசியை மேசையில் வைத்துவிடுவோம். உன் பங்கைக் கட்டினால் உனக்குக் கேட்க உரிமை உண்டு, சண்டை பிடிக்கவும் உரிமை உண்டு. சிவரூபன் லேசில் விடமாட்டான், ஆயத்தமாக இரு.

அந்த வெள்ளிக்கிழமை பஸ் வருமுன் நான் போய்விடுவேன். உனக்கு அப்போது முதல்நாள் இரவு, பேரன் படுத்திருப்பான். எடுத்தாயானால் தொலைபேசியைப் படலைத் தூணில் வைத்துவிட்டு விளக்குமாற்றைத் தூக்குவேன். படம் காட்டமாட்டேன். நான் கூட்டுகிற சத்தம் உனக்குக் கேட்கும். அந்த வேம்பு கனக்க இலை கொட்டுகிறது, பிள்ளை. ஜெசிந்தா சொன்னாலும் என் இடுப்புக்கு ஒரு வருடம்தான் தவணை. அதற்குப் பிறகு உன் முறைக்கு நீதான் வரவேண்டும்.

அப்பா